ரெண்டு பாஷைக்கும் ஒரே எழுத்து

புதூர்நாட்டிலிருந்து இறங்கும் ஜீப்பில் எனக்கு எதிரே ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவள் மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. வண்டி நகர்ந்ததுமே அவன் ஆரம்பித்தான்.

"இனிமே புள்ளகிட்ட தெலுங்குல வாயத் தொறக்காத. அதனாலதான் அதுக்கு 'ர' வர்ல. குரங்க குயங்குன்னுது. ஸ்கூல்ல சிரிக்கிறாங்க."

"தெலுங்குலயும் 'ர' வர்லீங்களே. 'ரா'ன்னு என்னை வரச் சொல்றதயும் 'யா'ன்னுதான் சொல்லுது. இன்னும் கொஞ்சம் வளந்தா ரெண்டுலயும் வந்துடும்."

"இன்னா, எதிர்த்துப் பேசற? வேணாம்னா வேணாம்."

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

வளைவில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. குழந்தை தாயின் முகத்தைத் திருப்பி, "அம்மா, கோதி!" என்று தெலுங்கில் காட்டியது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மறுபடியும் சொன்னது. அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அப்பனிடம் தமிழில் கேட்டது.

"அம்மாக்கு வாய் வலிக்குதா?"

வண்டியில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் மலையைப் பார்ப்பதுபோல் வெளியே திரும்பிக்கொண்டோம். அடுத்த வளைவு தாண்டியும் குழந்தை வாய் திறக்கவில்லை.

"ஏதாச்சும் பேசேன் அதுகிட்ட" என்றான் அவன்.

"எந்த பாஷைல?" என்றாள்.