படத்தில் இல்லாத மருமகன்

சனிக்கிழமை ஹம்பூர்க் போவதென்றால் காலை ஆறு மணிக்கே வெளிக்கிட்டுவிட வேண்டும், பாஸ்ரர். பிந்தினால் எல்லையில் வாகனங்கள் நிரையாக நிற்கும். முப்பது வருடமாக நான் இந்த டென்மார்க் கிரின்ஸ்டெட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போய்வருகிறேன். எந்த நகரத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்கும், எந்த நண்பர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் வரும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

என் மருமகன் கஜதீபனின் நினைவு ஆராதனையில் நாலு வார்த்தை பேசும்படி கேட்டிருந்தீர்கள். நான் பேசப் போவதில்லை. ஏன் என்று கேட்டீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் மகள் ஜெனனி அவனை ஒரு சபைக் கூட்டத்தில் சந்தித்தாள். எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் கட்டினாள், நானும் மறுக்கவில்லை. குடி இல்லை, மரியாதை தெரிந்தவன். டென்மார்க் அவனுக்கு இங்கே வசிக்க விசா கொடுக்கவில்லை. ஜெர்மனியில் அவனுடைய அகதி வழக்கும் தோற்றிருந்தது. அதனால் இருவரும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஃபிளென்ஸ்பூர்க்கில் வீடு எடுத்தார்கள். ஜெனனி டேனிஷ் பிரஜை. அவள் அவனோடு அங்கே வசிக்கும்வரை ஐரோப்பியச் சட்டப்படி அவனை யாரும் இலங்கைக்கு அனுப்ப முடியாது. அந்த அனுமதியோடு எங்கள் வீட்டுக்கு வந்துபோகவும் முடிந்தது. அவனுடைய வாழ்க்கை அந்த ஒரு விஷயத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் சாதி பார்க்கிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கலியாணம் முடிந்த செப்டெம்பரில் பிள்ளைகளை ஹம்பூர்க் கூட்டிப்போனேன். துறைமுகம் பார்த்துவிட்டு அந்தோனிமுத்து வீட்டுக்குப் போனோம். அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன் அவன். அவனுடைய மனைவி லூர்தம்மா புது மருமகனை வாசலில் வைத்தே கேட்டார்.

"தம்பி ஊரிலை எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"குளத்தடி, அன்ரி. அப்பா கள்ளுச் சீவினவர்," என்றான் சிரித்தபடி.

தேநீர் வந்தது. எங்கள் எல்லோருக்கும் நீலப் பூப் போட்ட பீங்கான் கோப்பை. அவனுக்கு மட்டும் காகிதக் கோப்பை. "ஒரு கோப்பை குறையுது, குறை நினையாதேங்கோ தம்பி," என்றார் லூர்தம்மா. அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரி நிறைய அதே நீலப் பூக்கள் தெரிந்தன. கஜதீபன் குடித்து முடித்து, "நல்ல தேத்தண்ணி, அன்ரி," என்றான். ஜெனனி டென்மார்க்கில் பிறந்தவள், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெளிக்கிடும்போது அந்தோனிமுத்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டான். "ஜீவரட்ணம், நீ விசாரிக்காமலோ குடுத்தனி?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மருமகன் மேல் கோபம் இல்லை, ஆனால் அவன் கொஞ்சம் யோசித்துப் பேசியிருக்கலாம். தகப்பன் வாத்தியார் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம். அடுத்த மாதம் லூபெக்கில் இன்னொரு நண்பர் வீட்டுக்குப் போனோம். அங்கே நாங்கள் கதிரையில் இருக்கு முன்பே மேசையில் ஒரு காகிதக் கோப்பை தயாராக இருந்தது. பிரேமனில் முப்பது வருடப் பழக்கமுள்ள குடும்பம், ஊரில் இல்லை என்று தகவல் அனுப்பியது. யன்னலில் வெளிச்சம் இருந்ததை நான் காரில் இருந்தே பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் ஜெனனியிடம் சொன்னேன். "பிள்ளை, அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. உனக்கு வேலையும் இஞ்சைதானே. வேலை நாளிலை எங்களோடை படு, சனி ஞாயிறு அங்கை போ." என் மனைவி மனோன்மணிக்கு முழங்கால் வலி உண்மைதான். ஜெனனிக்கும் தினமும் போகவர மூன்று மணி நேரம் கார் ஓடுவது மிச்சம். கஜதீபன் எனக்கு நன்றி சொன்னான். "அவ களைச்சுப் போறா மாமா, நீங்கள் பாக்கிறது பெரிய உதவி."

சனிக்கிழமைகளில் நான் அவர்களைத் தொடர்ந்து கூட்டித் திரிந்தேன். கீல், ஸ்வெரின், மறுபடியும் லூபெக். நண்பர் வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டோம். கோயில் கோபுரம், நகரமண்டபம், கப்பல் என்று எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று படம் எடுத்தோம். எடுத்தது எப்போதும் அவன்தான். நல்ல கை அவனுக்கு. அதனால் ஒரு படத்திலும் அவன் இல்லை. அன்றன்றே நாளும் இடமும் போட்டு எனக்கு அனுப்பிவிடுவான்.

லூபெக்கில் ஆற்றங்கரையில் நானும் கஜதீபனும் தனியே இருந்தபோது சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். ஆமிக்காரர் பிடித்து வைத்திருந்த காலத்துத் தழும்புகள். "ஜெனனிக்கு முழுக்கச் சொல்லேல்லை, மாமா. உங்களுக்குத்தான் சொல்லுறன். திருப்பி அனுப்பினாங்கள் எண்டால் நான் உயிரோடை போய் இறங்கமாட்டன்."

"ஒருத்தரும் அனுப்பமாட்டினம்," என்றேன்.

மார்ச் மாதம் ஃபிளென்ஸ்பூர்க் குடிவரவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பெயர் போடவில்லை. பொய்யும் எழுதவில்லை. ஜெனனி கிரின்ஸ்டெட்டில் பெற்றோருடன் வசித்து அங்கேயே வேலை செய்கிறாள், ஜெர்மனிக்கு நண்பர்களைப் பார்க்கவும் ஊர் சுற்றவும் மட்டுமே வந்துபோகிறாள் என்று எழுதி, நாற்பத்தொரு படங்களை இணைத்தேன். சில மாதங்களில் அவனுடைய அனுமதி போனது. மேல்முறையீட்டுக்கு நானே ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிப்போனேன். வழியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கியது, அது நடிப்பில்லை.

மேல்முறையீடும் தோற்றது. கொழும்பு விமானம் புதன்கிழமை. செவ்வாய் மத்தியானம் அவனை ஃபிளென்ஸ்பூர்க் துறைமுகத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள்.

ஜெனனி இப்போது தன் பழைய அறையில் இருக்கிறாள். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரிதான் எழுதிப் போட்டாள் என்று நினைக்கிறாள். நான் திருத்தவில்லை. மனோன்மணிக்கும் தெரியாது. ஒரு தகப்பன் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவர நினைத்ததில் பிழை என்ன என்றுதான் நான் கேட்கிறேன். இதில் சாதிக்கு என்ன வேலை? நம் சபையில் நான் யாருக்கும் பக்கத்தில் இருந்து திருவிருந்து எடுப்பவன், நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கக் கோப்பை போதாது என்று சொன்னீர்கள். வாங்க வேண்டாம். கஜதீபன் எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களுக்கென்று எல்லைக் கடையில் ஒரு பெட்டி காகிதக் கோப்பை வாங்கி வைத்திருந்தேன், பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.