உள்ளே யாரும் இல்லை

இதனால் மொரீஷியஸ் தீவின் சகல ஜனங்களுக்கும், விசேஷமாக ரோஸ் பெல் கரும்புக்காட்டு நடுவே பனியன் தைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் அறிவிக்கப்பட்ட மாபெரும் செய்தி என்னவென்றால், எங்கள் தொழிற்சாலையில் சர்வர் எழுந்தருளிவிட்டது. அறிவித்தவர் எங்கள் டைரக்டர் விநாயகம். கிரியோலிலும் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் அறிவித்தார். சர்வர் என்றால் என்னவென்று அவருக்கு எந்த மொழியிலும் தெரியாது.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, ஞானசம்பந்தம். சிங்கப்பூரிலிருந்து புது சர்வரைப் பொருத்த வந்தவர், பழையது ஏன் அடிக்கடி தொடர்பு அறுந்து படுத்தது என்று கேட்கத்தான் செய்வார். டைரக்டரைக் கேட்டிருந்தால் ஈரக்காற்று என்றிருப்பார். தீவில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவருக்கு ஈரக்காற்றுதான் காரணம். என்னைக் கேட்டீர்கள். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். காபியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

சர்வர் வந்த அன்று குருக்கள் வந்து தேங்காய் உடைத்தார். கீபோர்டில் சந்தனப் பொட்டு வைத்தார்கள். அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. நூல் தூசு ஆகாது என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அதை டைரக்டர் சாஸ்திரமாக்கிவிட்டார். கம்ப்யூட்டர் இருக்கிற எந்த அறைக்குள்ளும் செருப்போடு போகக்கூடாது. துணிக் கிடங்காக இருந்தாலும் சரி. கைகூப்பிவிட்டு உட்காரும் பெண்களும் உண்டு.

பாவாடைக்குள் பனியன் வெளியே போகிறது என்று டைரக்டருக்கு நெடுநாள் மனக்குறை. ஆகவே கதவுகளுக்கெல்லாம் அட்டை வைத்தார். அட்டையை இழுத்தால் சர்வர் பார்க்கும். தெரிந்த ஆள் என்றால் கதவு திறக்கும். உள்ளே வரவும் அட்டை, வெளியே போகவும் அட்டை. அந்தந்த அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று என் திரையில் தெரியும். பழைய சாவிகளையெல்லாம் ஒரு தாம்பாளத்தில் வாங்கி இரும்புக் கடைக்கு அனுப்பினார். "இனிமேல் சாவி கிடையாது. கம்ப்யூட்டர்தான் சாவி" என்றார். எல்லோரும் கை தட்டினோம்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். சென்னையில் நான் ஒரு கம்பெனியில் பெயர்ப்பட்டியல் அடித்துக்கொண்டிருந்தவன். விமானம் ஏறும்போது குமாஸ்தா. இங்கே இறங்கும்போது கம்ப்யூட்டர் நிபுணர். இடையில் இந்துமகா சமுத்திரம் மட்டும்தான் இருந்தது. வக்குவாவில் வீடு கொடுத்தார்கள். குளிர்ச்சியான ஊர், நல்ல மார்க்கெட். என் மனைவி அலமு பக்கத்து வீட்டு இவெட்டிடம் கேக் செய்யக் கற்றுக்கொண்டாள். மகள் பிரெஞ்சில் கனவு காண ஆரம்பித்தாள். திரும்பிப் போவது என்ற பேச்சே வீட்டில் இல்லாமல் போயிற்று.

ஆனால் என் வேலை அனுமதிச் சீட்டில் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளூர்க்காரர் ஒருவருக்கு நான் வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர் கற்றுக்கொண்ட நாளில் நான் கிளம்ப வேண்டும். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பது என்பார்களே, அதை மாதச் சம்பளத்தில் செய்வது.

இப்போது கோளாறுக்கு வருகிறேன். பழைய ஏற்பாட்டில் ஒரே கேபிள். என் அறையில் தொடங்கி, மேசை மேசையாகப் போய், துணிக் கிடங்கில் முடியும். கதவு அட்டைகளும் அதே கேபிளில்தான், என் அறைக் கதவுக்கு மட்டும் சர்வரிலிருந்து நேர் ஒயர். இரண்டு முனையிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு மூடி திருகியிருக்கும். உங்களுக்குத் தெரியாததா. மூடி இல்லாவிட்டால் போகிற செய்தி முனையில் முட்டித் திரும்பி வந்து, அடுத்துப் போகிற செய்தியோடு மோதும். யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எங்கள் நிர்வாகக் கூட்டம் மாதிரி. ஒரு மூடியைக் கழற்றினால் போதும், தொழிற்சாலை முழுவதும் சர்வரைக் காணோம் என்று அலறும்.

என் அறை மூடி பெரும்பாலும் என் சட்டைப் பையில் இருந்தது. அனுமதியைப் புதுப்பிக்கும் காலம் வந்தால் தவறாமல் இருந்தது. தொடர்பு அறுந்ததும் டைரக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவருவார். நான் எல்லோரையும் வெளியே போகச் சொல்லி, கதவைச் சாத்தி, தினசரி படித்துவிட்டு, மூடியைத் திருகிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவேன். "ஆனந்த் இல்லாவிட்டால் நாம் என்ன ஆவோம்" என்பார். என் முழுப் பெயர் அவர் நாக்கில் நிற்காது.

கற்றுக்கொள்ள எனக்குக் கொடுத்த ஆள் சிவகாமி. நியூ குரோவ் பக்கம், அம்மா பொன்னம்மாவோடு இருந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள். தையல் பகுதியிலிருந்து வந்தவள். அவள் தமிழ் கோயில் தமிழ். பாடச் சொன்னால் தடங்கலில்லாமல் பாடுவாள், பேசச் சொன்னால் கிரியோலுக்கு ஓடிவிடுவாள். என்னோடு மட்டும் பிடிவாதமாகத் தமிழில் பேசுவாள், 'ஐயா' என்பது மட்டும் 'மிஸ்யே' என்று வரும். நான் சொல்லிக்கொடுக்காததையெல்லாம் கற்றுக்கொண்டாள். அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

"மிஸ்யே, தொடர்பு போறப்ப எல்லாம் நீங்க ரூம்ல தனியா இருக்கீங்க, இல்ல?" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அதனால்தான் உடனே சரிசெய்ய முடிகிறது" என்றேன்.

அவள் அதற்கும் சிரித்தாள். அடுத்த வாரம், மேசை மேசையாகக் கேபிளைச் சோதிக்கப்போவதாகச் சொன்னாள். சனிக்கிழமை மதியத்தோடு தையல் நின்றுவிடும், யாருக்கும் தொந்தரவு இருக்காது என்றாள். முறையான வேலை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் டைரக்டர் என்னிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். புதிதாக வந்த துணிப் பொதிகளில் பூச்சி. திங்கட்கிழமை பாரிஸிலிருந்து வாடிக்கையாளர் வருகிறார். ஆகவே அடுத்த வாரம் வைத்திருந்த மருந்துப் புகையை இன்றைக்கே போடச் சொல்லி ரொலானை வரவழைத்திருக்கிறார். இதை நான் சிவகாமியிடம் சொல்லியிருக்கலாம். அன்று எனக்கு வேலை அதிகம்.

கிடங்கிலிருந்து போன் செய்தாள். உள் போனுக்குத் தனி ஒயர். சர்வருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"மிஸ்யே, இந்த முனை நல்லா இருக்கு. நடுவுல எல்லாமும் பார்த்தேன், நல்லா இருக்கு. அப்ப கோளாறு உங்க முனையில. திங்கக்கிழமை முசே விநாயகத்துகிட்ட நான் சொல்லணும். உங்களுக்கு முன்னாடியே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க."

நல்ல பெண். முன்கூட்டிச் சொல்லவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

சரி அம்மா, வெளியே வா, பேசுவோம் என்றேன். மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால், பழக்கம். கை தானாகப் போயிற்று. மறுபடி போன்.

"மிஸ்யே, லாபோர்த் பா பே உவேர். கதவு திறக்கல."

"தொடர்பு போயிருக்கும். சர்வரை நிறுத்திக் கிளப்புகிறேன். அங்கேயே இரு."

"உய், மிஸ்யே, இருக்கேன். எங்க போக?" என்று சிரித்தாள்.

நிறுத்திக் கிளப்பினேன். எந்தத் தொடர்புக் கோளாறுக்கும் முதல் வைத்தியம் அதுதானே. நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். சர்வரை நிறுத்திக் கிளப்பினால் உள்ளே இருப்பவர் பட்டியல் அழிந்துவிடும். அட்டையை மறுபடி இழுக்கும்வரை எல்லோரும் வெளியே இருப்பதாகத்தான் அதற்குக் கணக்கு. அதைச் செய்தவன் மூளை அப்படி.

அப்போது டைரக்டரும் ரொலானும் வந்தார்கள், இருவரும் வெறுங்காலோடு. ரொலான் கிடங்குகளுக்குப் புகை போட்டே வளர்ந்தவன் போல நிதானமானவன்.

"கிடங்கு வாசலில் ஒரு ஜோடி சவாத் கிடக்கிறது, முசே. பொம்பளைச் செருப்பு" என்றான்.

டைரக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "செருப்பைப் பார்த்தா ஆள் இருக்கிறதா இல்லையா என்று முடிவு பண்ணுவது? அது உன் தாத்தா காலம். இத்தனை செலவு பண்ணி இதை எதற்கு வைத்திருக்கிறேன்? ஆனந்த், காட்டு."

திரையைத் திருப்பிக் காட்டினேன். கிடங்கு: உள்ளே யாரும் இல்லை.

"படி" என்றார் டைரக்டர். ரொலான் படித்தான். தலையைச் சொறிந்தான். "கம்ப்யூட்டர் சொன்னால் சரி" என்றான்.

மேசையில் போன் அடித்தது. டைரக்டர் அதைப் பார்த்தார். சர்வரைக் கிளப்பிய பின் கொஞ்ச நேரம் போன் தானாக அடிக்கும் என்றேன். அவர் ரொலானைப் பார்த்து, "மின்காந்தம்" என்றார். ரொலான் மரியாதையாகத் தலையாட்டினான். இருவரும் போய், கதவு இடுக்கையெல்லாம் டேப்பால் ஒட்டி, வெளிச்சுவர்க் குழாய் வழியாக வேலையை ஆரம்பித்தார்கள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லை என்றேன் இல்லையா. அந்தப் போன் விஷயம் ஒன்றைத் தள்ளிவிட்டால், அன்று நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. திரையில் யாரும் இல்லைதான். தொடர்பு இல்லைதான். போன் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. நான் வக்குவா பஸ்ஸைப் பிடித்தேன். இவெட் கேக் அனுப்பியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை மூடியைத் திருகினேன். கதவைத் திறந்தபோது பாரிஸ்காரர் கூடவே நின்றார். அது டைரக்டருக்கு மிகவும் வருத்தம். விசாரணை நடந்தது. காரணம் தொடர்புக் கோளாறு என்று முடிவாயிற்று. கம்ப்யூட்டர் பிரிவுக்கு அனுபவமுள்ள ஒருவர் நிரந்தரமாகத் தேவை என்றும் சொன்னார்கள். உள்ளூர்க்காரருக்குக் கற்றுக்கொடுக்கும் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நான் கேட்டாலும் என்னை விடுவதில்லை. அப்பா செத்ததற்கு ஊர் போக விடவில்லை. நீ போய் சர்வர் படுத்தால் இன்னொரு உயிர் போகும் என்றார் டைரக்டர். இந்த அறையிலிருந்து வெளியே போக நானும் அட்டையைத்தான் இழுக்கிறேன்.

பொன்னம்மா ஒரு தடவை வந்தாள். மகளின் செருப்பை வாங்கிப்போக வந்தவள், இந்த வாசலிலும் தன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றாள். "எம்பொண்ணு யாரையும் கூப்பிடலியா, மிஸ்யே?" என்று கேட்டாள். தொடர்பு இல்லை அம்மா, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிற்று. அதை நான் இன்றும் நம்புகிறேன்: யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது.

உங்கள் புது கேபிளுக்கு மூடி தேவையில்லை என்றீர்கள். நல்லது. பழையதை மேசைமேல் வைத்துவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். டைரக்டரிடம் சொல்வதென்றால் சொல்லுங்கள், ஈரக்காற்று என்பார்.

மேசை இழுப்பறையையும் காலிசெய்து தந்துவிடுகிறேன். அதில் இருப்பது ஒரே ஒரு பொருள்: சர்வர் வந்த அன்று, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தாம்பாளத்திலிருந்து எடுத்து டைரக்டர் என்னிடம் கொடுத்து வைத்த கிடங்குச் சாவி.