தலையாட்டுற மரியாதை

காதுல விழுந்துச்சா? இந்த வக்கீல் ஆபீஸ் வாசல் மேசையில இருக்கிற பொண்ணு போன்ல சொல்றா, வெளிய உக்காந்திருக்கிறவங்க ரொம்ப ஈஸியாம், எல்லாத்துக்கும் ஆமாங்கிறாங்களாம். உன்னைத்தான் சொல்றா, யூலாலியா. அதுக்கும் தலையாட்டுற பாரு.

அக்கான்னு கூப்பிடு போதும். மேடமெல்லாம் உள்ள இருக்கிறவளுகளுக்கு. நம்ம குவாத்தமாலா மலையில பேசுற கான்ஹோபால் பேச்சை இவங்களுக்கு இங்கிலீஷ்ல மாத்திச் சொல்றவ நான். இந்த ஒமாஹா ஊர்ல ரெண்டு பேச்சும் தெரிஞ்ச ஆளு நாலே பேரு. மூணு பேரு கறி ஃபேக்டரியில கத்தியோட நிக்கிறாங்க. அதனால செவ்வாய்க்கிழமை ஆனா என்னைக் கூப்பிடுவாங்க.

அந்தக் காப்பியைத் தொடாத. தரை கழுவின தண்ணி மாதிரி இருக்கும். இலவசம்ல. இலவச வக்கீல், இலவச இங்கிலீஷ் கிளாஸ். போன சனிக்கிழமை என்ன பாடம் தெரியுமா? என் பூனை சோபாவுல படுத்திருக்கு. பத்து மணி நேரம் எலும்பறுத்துட்டு வந்தவளுக்குப் பூனையாம், சோபாவாம். அதையும் பயபக்தியா எழுதிக்கிட்டாளுக. முடிஞ்சதும் போட்டோ, நன்கொடை குடுக்கிற பெரிய மனுஷங்களுக்கு அனுப்பணுமாம். சிரின்னாங்க, சிரிச்சாளுக. எனக்கு ரெண்டு பக்கத்தையும் பார்த்தா குமட்டுது.

உன் வக்கீல் பேரு ஹேலி. படிச்ச முட்டாள். அழுகை மட்டும் சட்டுன்னு வந்துரும், நீதான் அவளைத் தேத்தணும். கேள்வியை ரயில் மாதிரி படிப்பா. நம்ம மலையில பெரியவங்க பேசினா என்ன பண்ணுவோம்? நீங்க சொல்றது கேக்குதுன்னு காட்டத் தலையாட்டுவோம். ஒத்துக்கிட்டதா அர்த்தமா? இவளுக்கு அதெல்லாம் எங்க தெரியும். ஆமான்னு எழுதிருவா. அடைக்கல மனுவுல அவ என்ன எழுதினாளோ அதான் ஜட்ஜுக்குப் போகும். அப்புறம் நீ உருண்டு புரண்டாலும் மாறாது.

இப்ப எதுக்குத் தலையாட்டுற? வாயைத் திற. உன் வீட்டைக் கொளுத்தினது யாரு? பேரைச் சொல்லு. இன்னும் சத்தமா. ம், உள்ள போயும் இப்படித்தான் சொல்லணும்.

இவ்வளவு திட்டுறவ எதுக்கு இங்கயே வந்து கிடக்கிறேன்னு கேக்குற. நல்ல கேள்வி, இதுதான் நீ கேட்ட முதல் கேள்வி.

எனக்கு மிகேலான்னு ஒரு தங்கச்சி. கொழுந்தன் நிலத்துக்காக அவளைத் தோள்ல வெட்டினான். அடுத்த வெட்டு கழுத்துலன்னு சொல்லிட்டுப் போனான். ஓடி வந்தா. இதே இடத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். ஹேலி கேட்டா, வேலை தேடித்தான் இந்த நாட்டுக்கு வந்தீங்களான்னு. இவ தரையைப் பார்த்துக்கிட்டே தலையாட்டினா. ஜட்ஜு அந்த ஒத்தை வரியை வாசிச்சுட்டு ஃபைலை மூடிட்டாரு. மார்ச் மாசம் குவாத்தமாலாவுக்கே ஏத்தி அனுப்பிட்டாங்க. ஏப்ரல்லருந்து அவ போனை யாரும் எடுக்கல.

அன்னைக்கு அவ பேச்சை இங்கிலீஷ்ல மாத்திச் சொன்னது யாரா? நான்தான், வேற யாரு. ஹேலிக்கும் சந்தேகம் வரத்தான் செஞ்சுது. பேனாவை நிறுத்திட்டு என்னைப் பார்த்தா. உங்க தங்கச்சி ஆமான்னுதானே சொல்றாங்கன்னு கேட்டா. படிச்ச பொண்ணு, எவ்வளவு மரியாதையாக் கேக்குறா.

நான் தலையாட்டினேன்.