காதால் கடக்கும் முற்றம்

இந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கும் முறை என் வீட்டுடையது. எங்கள் கட்டடத்தில் அதைத் தவறவிட்டால் கீழ்வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதனால்தான் உங்களைக் கொஞ்சம் வாசலில் நிற்க வைத்தேன், மேடம். இனிக் கேளுங்கள். கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் சத்தம். டீசல் என்ஜின் இருமலோடு பிறந்தது. நெக்கார் ஆற்றங்கரையில் நாங்கள் செய்யும் பெரிய கார்களை வாங்குகிறவர்களுக்கு அந்த இருமல் ஆகாது. ஆனால் அதன் இழுவை வேண்டும். ஒருமுறை நிரப்பினால் வடகோடியில் ஹாம்பர்க் வரை போக வேண்டும். அந்த இருமலைத் தணித்து, தூங்குகிற பெரிய விலங்கின் மூச்சுப்போல ஆக்கித் தருவது என் பிரிவின் வேலை. அதை நாங்கள் நன்றாகச் செய்தோம்.

பிறகு ஹைபிரிட் வந்தது. பேட்டரியில் பாதி, பெட்ரோலில் பாதி. மெதுவாகப் போகும்போது மூச்சே விடாது. சாலையில் நடப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, அப்படிப்பட்ட வண்டி செயற்கையாக ஒரு ஒலி எழுப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த ஒலியைச் செய்யும் வேலையும் என்னிடமே வந்தது. வாழ்நாளெல்லாம் ஒன்றை அடக்கியவனிடம் இன்னொன்றைக் கத்த வைக்கச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

அடுத்த பெரிய காரில் இரண்டில் எது என்று இயக்குநர்கள் முடிவு செய்யவிருந்தார்கள். ஹைபிரிட் என்றால் எங்கள் பிரிவு மூடப்படும். ஹைபிரிட் பிரிவின் தலைவி சில்கே லிண்ட்னர், கெட்டிக்காரி. நான் அவளிடம் ஒருமுறை சொன்னேன்: "உன் வண்டிய வாங்கினவங்க பாதிப்பேர் சார்ஜ் பண்ற வயர இன்னும் பிளாஸ்டிக் உறையிலேருந்து வெளிய எடுக்கல, சில்கே. வரிச்சலுகைக்காக வாங்கி பெட்ரோல்லதான் ஓட்டுறாங்க." அவள் சிரித்தாள். "இருக்கட்டும் கெரோல்ட். உங்க வண்டிய ஊருக்குள்ளயே விடமாட்டேங்கிறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

அது நியாயமான பதில்தான். நகரத்துக்குள் பழைய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்திருந்தது.

எவால்ட் கிரெஸ் பற்றிச் சொல்ல வேண்டும். டீசல் என்ஜினின் எரிப்பு அறையை வடிவமைத்தவன். என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவன். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. காலைச் சிற்றுண்டி இடைவேளையில் இருவரும் ஒரே மேசையில்தான் உட்காருவோம். அந்த வசந்தத்தில் ஒருநாள் வெண்ணெய் தடவிய பிரெட்செல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"டேய், நான் சில்கே பக்கம் போறேன். எழுதிக் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்காவா? நீயும் வாடா. செத்த மாட்டுக்கு எத்தன நாள் புல்லு போடுவ?"

"மாடு இன்னும் சாகல."

"மோப்பம் பிடிச்சுப் பாரு, தெரியும்," என்று என் தட்டிலிருந்த மீதியையும் எடுத்துத் தின்றான். எப்போதும் அப்படித்தான் செய்வான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் சோதனை முற்றத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பழைய ஆட்கள் யாரும் இருபுறமும் பார்த்துக் கடப்பதில்லை. காதால் கடப்பார்கள். எந்த வண்டி, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று நடந்தபடியே தெரியும். புதிதாக வந்தவர்கள் நின்று தலையைத் திருப்பினால், "காத வீட்ல வெச்சிட்டு வந்தியா?" என்று கேலி செய்வோம். அதிகம் கேலி செய்தவன் எவால்ட்.

நான் இயக்குநர்களுக்கு எழுதியிருந்தேன், ஹைபிரிட் வண்டியின் இந்த மௌனம் ஆபத்து என்று. படித்ததாகத் தெரியவில்லை. ஒரு விஷயத்தைப் படிக்காதவர்களுக்கு அதைக் காட்டுவதுதான் முறை. இதில் உங்களுக்கும் மாற்றுக்கருத்து இருக்காது என்று நினைக்கிறேன்.

அன்று சில்கே இரண்டு இயக்குநர்களைப் பின்னால் உட்கார வைத்து, சோதனைக் கூடத்திலிருந்து தன் ஹைபிரிட் வண்டியை மெதுவாக வெளியே கொண்டுவந்தாள். நல்ல வெயில். அந்தச் சோதனை வண்டியின் எச்சரிக்கை ஒலியை என் மேசைக் கணினியிலிருந்தே நிறுத்தலாம். காலையிலேயே நிறுத்தியிருந்தேன். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த ஒலி கேட்காது. அதுவும் என் பிரிவின் வேலைத்திறன்தான்.

எவால்ட் பட்டறைக் கதவருகே காபியோடு நின்றான். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். கையைத் தூக்கி, "எவால்ட், ஒரு நிமிஷம் வாயேன்," என்றேன். வந்தான். சிரித்துக்கொண்டேதான் வந்தான்.

கால் முறிந்திருந்தாலே போதும். அதைத்தான் எதிர்பார்த்தேன். வண்டி அவ்வளவு மெதுவாகத்தான் வந்தது. ஓரத்தில் கல் இருப்பதும் தலை அதில் படும் என்பதும் அதிலேயே அவன் உயிர் போகும் என்பதும் கணக்கில் இல்லை. ஆனால் காட்ட வேண்டியதைப் பொறுத்தவரை, அது குறைவாக இருக்கவில்லை.

சில்கே அதன்பிறகு கார் ஓட்டவில்லை, வேலைக்கும் வரவில்லை. நான் பிளம் கேக் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். "சத்தம் வந்துச்சா வரலியா, கெரோல்ட்? நீங்க வெளியதான நின்னீங்க? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்," என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "உன் மேல தப்பு இல்லம்மா," என்றேன். அது உண்மை. கேக்கை அவள் தொடவே இல்லை. அவள்தான் அந்தக் கேள்வியோடு காவல் நிலையத்தில் உங்களிடம் வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அவளைக் குறை சொல்லமாட்டேன்.

இயக்குநர்கள் ஒலியை இன்னும் உரக்க வைக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். ஹைபிரிட் வந்துவிட்டது, எங்கள் பிரிவு இலையுதிர்காலத்தில் மூடப்பட்டது. புதிய ஒலியை நானே செய்தேன். நல்ல ஒலி. சந்தேகம் இருந்தால் தெருவில் நின்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே ஒலியை நிறுத்தியது நான். அவனைக் கூப்பிட்டதும் நான். முற்றத்தில் அன்று நின்ற எத்தனையோ பேரில் யாரைக் கூப்பிட்டிருந்தாலும் இதுவே நடந்திருக்கும். எவால்ட் எங்களை விட்டுப் போகிறேன் என்று எழுதிக்கொடுத்ததற்கும் நான் அவனைக் கூப்பிட்டதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். இதை மட்டும் நான் சொன்னபடியே எழுதுங்கள்.