கிளெனரூ பெட்டியில் ஒன்பது

அலை மோதும் இந்த அவையை அரைப் பார்வையால் அடக்கி வைத்திருக்கும் தலைவர் திருமதி பெர்னடெட் கன்வே அவர்களே, முன்வரிசையில் மூட்டுவலியோடு முறுவலித்துக்கொண்டிருக்கும் மூத்தோர்களே, முட்டை வைத்த ரொட்டிகளை அடுக்கிவிட்டு அடுக்களை வாசலில் நின்று கேட்கும் தாய்மார்களே, போன தேர்தலில் மழையிலும் காற்றிலும் என் முகத்தைக் கம்பம் கம்பமாகக் கட்டிய தம்பிகளே, தங்கைகளே, கதவோரமாகத் தொப்பியைக் கையில் பிடித்தபடி எப்போது நழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஓவனி மல்வி அவர்களே, எல்லோருக்கும் டிம்ப்னா கில்ஹீனியின் இதயம் கனிந்த வணக்கம்.

சலசலப்புக் கேட்கிறது. சொல்லக் கூடாத பெயரைச் சொல்லிவிட்டேன், இல்லையா? சொல்லத்தான் போகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் பொதுத்தேர்தல். இந்தக் கவுண்டித் தொகுதியில் நம் கட்சியின் வேட்பாளராக என்னை மறுபடியும் அழைத்திருக்கிறீர்கள். அழைப்புக்கு என் பதில் என்ன? பேச்சின் கடைசியில் சொல்கிறேன். அதுவரை தேநீர் கிடையாது, பெர்னடெட் உத்தரவு.

ஓவனி மல்வி யார்? முப்பத்தாறு ஆண்டுகளாக நம் கட்சியின் டேலிக்காரர், எந்தப் பெட்டியில் யாருக்கு எத்தனை என்று கணக்கெடுப்பவர். பெட்டி திறக்கும் காலையில், தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் வயிற்றை அழுத்தி, எம்பி, எட்டி, உள்ளே விரிகிற ஒவ்வொரு சீட்டையும் பார்த்துப் பென்சிலால் கோடு போடுகிறவர். அவர் பக்கத்தில் எதிர்க்கட்சிக்காரரும் அதே கம்பியில் அதே கோட்டைத்தான் போடுவார். வாரக்கணக்கில் வாய்ச்சண்டை போட்டவர்கள், அந்த ஒரு காலையில் மட்டும் பெட்டிகளைப் பங்கு போட்டுக்கொண்டு, எண்களைக் கூட்டி, எல்லாக் கட்சிக்கும் ஒரே தாளைக் கொடுப்பார்கள். டப்ளினிலிருந்து வந்த தொலைக்காட்சிக்காரர்கள் தலையைச் சொறிவார்கள். நமக்கு அது வழக்கம்.

ஓவனியின் கண் எப்படிப்பட்ட கண்? போன தேர்தலில் என் சொந்த ஊர்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"உன் புருஷன் வீட்டு ஆளுங்க பதினாலு பேரு. உனக்கு விழுந்தது பதினொண்ணு. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வான்கோழியைச் சின்னதா வாங்கு, தாயி."

சிரிக்கிறீர்கள். என் மைத்துனர் சிரிக்கவில்லை, பாருங்கள்.

மலையடிவாரத்துக் கிளெனரூ பெட்டி. அது எதிர்க்கட்சி வேட்பாளர் கோல்ம் டார்ப்பியின் கோட்டை. அங்கே நம் கட்சிக்கு எப்போதும் ஒன்பது. என் அப்பா நின்றபோதும் ஒன்பது, நான் நின்றபோதும் ஒன்பது. ஒன்பது பேரில் ஒருவர் இறந்தால் எங்கிருந்தோ ஒருவர் முளைப்பார், ஒன்பது மாறாது. "கிளெனரூல என்ன, ஓவனி?" என்று கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒன்பது விரலைக் காட்டுவார்.

இப்போது போன தேர்தலின் எண்ணிக்கை நாளுக்கு வருகிறேன். நம் தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள், அந்த மூன்று இடத்தில் இரண்டு வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. மூன்றாவது இடத்துக்கு நானும் கோல்ம் டார்ப்பியும். பிற்பகல் மூன்று மணிக்குக் கடைசிச் சுற்று முடிந்தது. நான் அறுபத்தொரு வாக்கு முன்னால். முறைப்படி அறிவிப்பதற்கு முன்பே நீங்கள் என்ன செய்தீர்கள்? தூக்கினீர்கள். டெக்லன், என் வலது காலைப் பிடித்திருந்தது நீதானே? என் ஷூவைக்கூடத் தொலைத்தாய். கோல்ம் பெருந்தன்மையாக எட்டி என் கையைக் குலுக்கிவிட்டு, மாடு கறக்க நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்.

உங்கள் தோள் மேல் உட்கார்ந்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. கம்பியோரம் ஓவனி தனியாக நின்று தன் தாளையும் அதிகாரிகளின் எண்ணிக்கைத் தாளையும் மாறி மாறிப் பார்ப்பது தெரிந்தது. அவர் போட்ட கோட்டைவிட எனக்கு ஐம்பது அதிகம். கோல்முக்கு ஐம்பது குறைவு. சீட்டுகளை ஐம்பது ஐம்பதாகத்தானே கட்டுகிறார்கள்? ஓவனி தொப்பியை மாட்டினார். வெளியே ஓடினார். எழுபத்திரண்டு வயது, இடுப்பு அறுவை செய்த மனிதர், ஓடினார்.

கோல்ம் வண்டியைக் கிளப்பிவிட்டாராம். ஓவனி அதன் முன்னால் போய் நின்றாராம். அங்கே நடந்த பேச்சைக் கோல்மே எனக்குச் சொன்னார்.

"தள்ளுய்யா, மாடு காத்துக்கிட்டிருக்கு."

"மாடு காத்திருக்கட்டும். உன்னோட கட்டு ஒண்ணு எங்க தட்டுல கிடக்கு. உள்ள வந்து மறுபடி எண்ணச் சொல்லிக் கேளு. நான் கேக்க முடியாது, நீதான் கேக்கணும்."

"நீ டிம்ப்னா ஆளாச்சே. குடிச்சிருக்கியா?"

"குடிக்கல. சீக்கிரம் இறங்கு, அறிவிச்சிடப் போறாங்க."

மறுபடி எண்ணினார்கள். என் தட்டில் இருந்தது ஒரு கட்டு, ஐம்பதும் கோல்முக்கு விழுந்தவை. எந்தக் கை தவறி வைத்ததோ, விடிந்ததிலிருந்து உழைத்த கை, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அறுபத்தொன்று முன்னால் இருந்தவள் முப்பத்தொன்பது பின்னால் போனேன். டெக்லன், இறக்கிவிட்டதும் நீதான்.

அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம்? ஓவனி மதுக்கடைக்குள் வந்தால் பேச்சு நின்றது. தேவாலயத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவர் மனைவியை அடக்கம் செய்த அன்று, அந்தச் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. நம் கட்சியிலிருந்து எத்தனை பேர் போனோம்? தலையைக் குனியாதீர்கள். நானும் தோள் கொடுக்கவில்லை. கையை மட்டும் குலுக்கிவிட்டு வாசலிலேயே திரும்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தோள் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர் கோல்ம் டார்ப்பி.

போன மாதம் கால்நடைச் சந்தையில் ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்தாள். கிளெனரூக்காரி. பெயர் சொல்ல மாட்டேன், ஓட்டு ரகசியம்.

"எங்க வீட்ல மூணு தலைமுறையா டார்ப்பிக்குத்தான் போடுறோம். அந்த அம்பதுல என்னோடதும் இருந்திருக்கலாம். மழையில நனைஞ்சு போய்ப் போட்ட ஓட்டு. உங்க ஆளு ஒருத்தர் அதைத் தேடி எடுத்துக் குடுத்தாரே. அவரை நீங்க என்ன பாடு படுத்துறீங்க?"

சந்தையிலிருந்து நேரே ஓவனி வீட்டுக்குப் போனேன். தேநீர் போட்டுக் கொடுத்தார். ஒரு கோப்பைதான் வெளியே இருந்தது, இன்னொன்றைத் தேடி எடுத்துக் கழுவினார். "ஏன் செஞ்சீங்க, ஓவனி?" என்றேன்.

"ஓட்டு உனக்குப் போட்டேன், தாயி. கோடு எல்லாருக்கும் போட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். என் அருமைச் சொந்தங்களே, ஐம்பது என்பது ஒரு கட்டா? ஒரு ரப்பர் வளையமா? கைத்தடி ஊன்றி வந்த ஒருவர், கடையை அரைமணி பூட்டிவிட்டு வந்த ஒருத்தி, மருத்துவமனையிலிருந்து நேரே வந்த ஒருவர், இப்படி ஐம்பது பேர். அவர்கள் குரல் என் வெற்றிக்கு அடியில் நசுங்கிக் கிடக்க, அந்த வெற்றியின் மேல் ஐந்தாண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டுமா? தோற்றேன், உண்மைதான். ஆனால் யாருடைய வாக்கையும் திருடாமல் தோற்றேன். யாரால்? இந்த மனிதரால். நம் கட்சிக்கு இதைவிடப் பெரிய பெருமையை யார் தேடித் தந்தார்கள்? நானா? நீங்களா?

ஆகவே என் பதில் இதுதான். நான் நிற்கிறேன். கைதட்டாதீர்கள், இன்னும் முடிக்கவில்லை. எண்ணிக்கை நாளில் நம் கட்சியின் கம்பியில் ஓவனி மல்வி நிற்க வேண்டும். அவர் நிற்காவிட்டால் நான் நிற்கவில்லை, வேறு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். பென்சிலை நானே சீவிக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ. டெக்லன், கொண்டுபோய்க் கொடு. அன்று என் காலைப் பிடித்தவன் இன்று அவர் கையைப் பிடி.

வழி விடுங்கள். வாங்கிக்கொண்டார். கண்ணைத் துடைக்கிறார், நீங்களும் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஓவனி, இருபத்தொரு நாள் இருக்கிறது, ஒரு பெட்டிக்கும் முத்திரை வைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். கிளெனரூல இந்தத் தடவை என்ன?

பேச மாட்டார், எனக்குத் தெரியும். பென்சிலைக் காதில் செருகுகிறார். கையைத் தூக்குகிறார். பின்வரிசையில் இருப்பவர்களே, எண்ணிச் சொல்லுங்கள், என் கண் கலங்கியிருக்கிறது.

பத்தா? பத்து விரலுமா?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், தேநீரைத் தள்ளிவைத்த தாய்மார்களுக்கும், மலையடிவாரத்தில் பெயர் சொல்லாத அந்தப் பத்தாவது ஆளுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.