தொண்டை ஸ்டாப்பில் நின்ற வண்டி

மேடையில் அமர்ந்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, சில்லறை கேட்டே குரல் கட்டிப்போன நடத்துனர் பெருமக்களே, கண்ணாடியிலேயே எல்லாரையும் முறைக்கும் ஓட்டுனர் பெருமக்களே, என் மாமாவின் அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்த அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஓர் ஆழ்ந்த துயரச் செய்தி. என் தங்கையின் கீழ்வரிசை முன்பல், நெடுநாள் ஆட்டத்துக்குப் பின், இன்று காலை காலமானது.

சிரிக்கிறீர்கள். மாமா இருந்தால் இன்னும் சிரிக்க வைத்திருப்பார். "முன்சீட்டு ஒண்ணு காலி! யாரு உக்காரப் போறீங்க?" என்று அவளிடமே கேட்டிருப்பார். அவருக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன். எண்ணை அழுத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது.

நடத்துனர் என்கிறீர்களே, வண்டியை மட்டுமா நடத்தினார் என் தாய்மாமன்? பாடமும் நடத்தினார், எங்கள் குடும்பத்தையும் நடத்தினார்!

போன வருஷம் தங்கைக்குத் தொண்டையில் ஒரு பழக்கொட்டை சிக்கியது. கொட்டை வெளியே வந்துவிட்டது, பயம் உள்ளேயே நின்றுவிட்டது. எதைக் கொடுத்தாலும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்கவே மாட்டாள். அம்மா கெஞ்சினார், அப்பா மிரட்டினார். மாமாதான் என் அறிவியல் புத்தகத்தைப் புரட்டி, வாயிலிருந்து குடல்வரை வரைந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "டேய் வாலு, இது ரூட் மேப்புடா!"

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் பஸ் ஓடியது.

"வாய், வாய், வாய்! ஏறு, ஏறு! முன்பல்லு வெட்டு, கடைவாய்ப்பல்லு அரை! எச்சில் ஊறட்டும், நாக்கு உள்ள தள்ளட்டும். தொண்டை வருது. குட்டி, மூச்சுக்குழாய் ரோட்டுக்கு கேட் மூடியாச்சு, பயப்படாம முழுங்கு! உணவுக்குழாய் நேர் ரோடு. இரைப்பையில வண்டி ரெண்டு மூணு மணி நேரம் நிக்கும், நல்லா கடைஞ்சுதான் அனுப்புவாங்க. சத்தெல்லாம் சிறுகுடல்ல இறங்கு, தண்ணி பெருங்குடல்ல இறங்கு!"

கடைசி ஸ்டாப்பின் பெயரை மேடையில் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார்.

தங்கை விழுங்கினாள். தினமும் விழுங்கினாள். மாமா போனதிலிருந்து மறுபடி பால் மட்டும்தான். தட்டை வைத்தால் வாசலையே பார்க்கிறாள். நாங்களும் பார்க்கிறோம். ஷிப்டு முடிந்து, காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டே அவர் நுழைய மாட்டாரா? ஒரே ஒரு தடவை அந்த "ரைட், போலாம்!" காதில் விழாதா?

ஆனால் கவலை வேண்டாம்! குரலை நகலெடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. மேலாளர் ஐயா குரலில் போன் செய்து மாமாவுக்கு நானே லீவு கொடுத்திருக்கிறேன். மன்னிக்கணும் ஐயா. நான்தான் என்று தெரிந்தும் "சரிங்க ஐயா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார், பாவி மனுஷன். அந்த மாமாவின் பணியை, குரல் பிசகாமல், நானே தொடர்வேன் என்று இந்தச் சபையில்...

இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேற்றே முயன்று பார்த்துவிட்டேன். "வாய், வாய், வாய்!" வரை அச்சு அசல் மாமாதான். தங்கைகூட நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டை ஸ்டாப் வந்தது. என் தொண்டை அடைத்துக்கொண்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தை நகரவில்லை.

 தங்கை தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து என் வாயில் வைத்தாள். "கேட் மூடியாச்சுண்ணா. முழுங்கு."

விழுங்கினேன். அடுத்த வாயை அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆகவே பெரியோர்களே, உறுதிமொழியை அவளிடம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வெறும் பயணி.