நாலு மணிக்குக் கதவு சாத்துவாங்க

தர்முஜி: ஐயோ... மறுபடியுமாம்மா, காதுக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி...

விவிக்: மைக்குதான் ஐயா. எப்ப ஆன் பண்ணினாலும் முதல்ல ஒரு கத்து கத்தும், அப்புறம் அடங்கிடும். கொஞ்சம் சும்மா இருங்க, சொல்லி முடிச்சுடறேன்... "பார்வையாளர்களின் கவனத்துக்கு. சுமார் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், நீல பத்திக் சட்டையும் கறுப்புத் தொப்பியும் அணிந்தவர், வடக்கு வாசல் தகவல் அறையில் காத்திருக்கிறார். அவருடன் வந்தவர்கள் உடனே வரவும்."

தர்முஜி: எழுபது இல்ல. அறுபத்தெட்டு.

விவிக்: அறுபத்தெட்டுன்னு திருத்திச் சொன்னா ஓடி வந்துடுவாங்களா?

தர்முஜி: வர்றதுக்கு யாரும் இல்லன்னுதானே சொல்லிக்கிட்டிருக்கேன். தனியா வந்தேன்.

விவிக்: நீர்யானைக் குளத்துப் பக்கம் உக்காந்திருந்தீங்கன்னு காவலாளி உங்களைக் கூட்டிட்டு வந்தப்ப மணி பன்னிரண்டரை. இப்ப ரெண்டே முக்கால். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். ஜகார்த்தா முழுக்கப் பாயும் சோத்துப் பாத்திரமுமா இந்த மிருகக்காட்சிசாலை மரத்தடியிலதான் கிடக்கு. இன்னைக்குப் போய் தனியா நீர்யானை பாக்க வந்தேன்னா நான் நம்பணுமா?

தர்முஜி: நீர்யானைக்குப் பெருநாள் லீவா என்ன?

விவிக்: பேச்செல்லாம் நல்லாத்தான் வருது. பையில என்ன இருக்குன்னு பாக்கலாமா?

தர்முஜி: கெத்துபாட். நேத்து அவிச்ச சோத்துக் கட்டி. அதுக்குக் கோழிக் குழம்பு.

விவிக்: ரெண்டு பொட்டலம் இருக்கு.

தர்முஜி: எனக்குப் பசி ஜாஸ்தி.

விவிக்: ரெண்டு தண்ணி பாட்டில். ரெண்டு ஸ்பூன். ரெண்டு கையாலயும் சாப்பிடுவீங்களா? வலது கையை நீட்டுங்க. முழங்கை வரைக்கும்... இது என்ன கறை?

தர்முஜி: மச்சம்.

விவிக்: ஐயா, நான் விவிக். ஒம்பது வருஷமா இந்த அறையில உக்காந்திருக்கேன். பெருநாள் கூட்டத்துக்கு வர்ற ஒவ்வொரு அம்மாவும் வீட்டை விட்டுக் கிளம்பறப்பவே பிள்ளை கையில பேனாவால போன் நம்பர் எழுதி விட்டுடுவா. உங்க கையிலயும் யாரோ எழுதியிருக்காங்க. முதல் நாலு எண் இன்னும் தெரியுது.

தர்முஜி: தொழறதுக்கு முன்ன கை கால் கழுவி ஒளு செஞ்சேன். தண்ணி பட்டு அழிஞ்சிருக்கும்.

விவிக்: ஒளு செஞ்சா தோல் இப்படிச் செவக்காது. மண்ணை வச்சுத் தேச்சிருக்கீங்க... இருங்க, யாரோ வர்றாங்க. ஆமாம்மா, உங்க குழந்தை இவதான், மஞ்சள் கவுன். பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகல. இங்க கையெழுத்துப் போடுங்க. செருப்பு எங்க விட்டீங்க? பரவாயில்ல, போங்க... பாத்தீங்களா ஐயா?

தர்முஜி: பாத்தேன். பாவம், மூச்சு வாங்குது அந்தப் பொண்ணுக்கு.

விவிக்: அந்தக் குழந்தை பேரை நான் மைக்குல சொல்லி எட்டு நிமிஷம்தான் ஆச்சு. செருப்பைக்கூடப் போடாம ஓடி வந்திருக்கா. உங்களைப் பத்தி ஆறு தடவை சொல்லிட்டேன்.

தர்முஜி: அதான் சொன்னேனே...

விவிக்: கோவிச்சுக்காதீங்க. இது எனக்குப் புதுசு இல்ல. பெருநாள் சமயத்துல வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு பேர் இந்த நாற்காலில உங்களை மாதிரியே உக்காந்திருப்பாங்க. சாயங்காலம் வரைக்கும் யாரும் வர மாட்டாங்க. அதுக்கு அர்த்தம் ஒண்ணுதான்.

தர்முஜி: என்ன அர்த்தம்?

விவிக்: வேணாம், விடுங்க. தண்ணி குடிங்க.

தர்முஜி: என்ன அர்த்தம்னு கேட்டேன்.

விவிக்: வேணும்னே விட்டுட்டுப் போயிருக்காங்க.

தர்முஜி: என் பொண்ணைப் பத்தி அப்படிப் பேசாதே.

விவிக்: ...அப்ப, பொண்ணு இருக்கா. கூட வந்திருக்கா. ரெண்டேகால் மணி நேரமா வரல. நான் வேற என்ன நினைக்க?

தர்முஜி: அவ விட்டுட்டுப் போகலம்மா. நான்தான் ஓடி வந்துட்டேன்.

விவிக்: ஓடி வந்தீங்களா? இந்த வயசுலயா?

தர்முஜி: சரி, நடந்து வந்தேன். ஒட்டகச்சிவிங்கிக்கிட்ட நின்னுட்டு இருந்தோம். தொழுதுட்டு வந்துடறேன்பா, இங்கயே நில்லுங்க, எங்கயும் போயிடாதீங்கன்னா. நாலடி போனா. திரும்பி வந்து என் சட்டைக் காலரைச் சரி பண்ணி விட்டா. மறுபடி போனா. கூட்டத்துல அவ தலை மறைஞ்சதும் நான் எதிர்ப்பக்கமா நடக்க ஆரம்பிச்சேன். குழாயடியில கையைத் தேச்சேன். அடையாள அட்டையை வீட்டுலயே அரிசி டப்பாவுக்கு அடியில வச்சுட்டு வந்துட்டேன்.

விவிக்: திட்டம் போட்டே வந்திருக்கீங்க.

தர்முஜி: எனக்கு மறதின்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்குதான். ரெண்டு தடவை வீட்டுக்கு வழி தெரியாம நின்னேன். ஒரு தடவை அடுப்பை அணைக்காம விட்டேன். ஆனா இன்னைக்கு எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. எப்படியாவது இன்னைக்கு மட்டும் மறந்துடக் கூடாதுன்னு அல்லாகிட்ட கேட்டுட்டுத்தான் கிளம்பினேன்.

விவிக்: ஏன் ஐயா? அவ அடிக்கிறாளா? சோறு போடலியா?

தர்முஜி: சேச்சே. அவ சாப்பிடாம எனக்குப் போடுவா. அதாம்மா கஷ்டமே.

விவிக்: புரியற மாதிரி சொல்லுங்க.

தர்முஜி: சட்டை தைக்கிற கம்பெனில அவளுக்கு வேலை போய் எட்டு மாசமாச்சு. புருஷன் இல்ல. பையன் தெகால் ஊர்ல பாட்டி வீட்டுல படிக்கிறான். இப்ப தைவான்ல ஒரு வேலை கிடைச்சிருக்கு. வயசான ஒருத்தரைப் பாத்துக்கணும். குளிப்பாட்டணும், ஊட்டணும், சக்கர நாற்காலில வச்சுப் பூங்காவுக்குத் தள்ளிட்டுப் போகணும். அதுக்குன்னு அவங்க பாஷையெல்லாம் படிச்சா. சமைக்கிறப்ப அடுப்புகிட்ட நின்னு அந்தச் சொல்லெல்லாம் முணுமுணுப்பா. எனக்கே நாலஞ்சு வந்துடுச்சு.

விவிக்: அப்புறம்?

தர்முஜி: ஏஜென்ட் மூணு தடவை கூப்பிட்டான். எங்க வீட்டுச் சுவரு வெறும் பலகை. எல்லாம் கேக்கும். பையனைப் பாட்டி பாத்துக்குவாங்க அண்ணே, எங்கப்பாவை யார்கிட்ட விடறது, வேற ஆளைப் பாத்துக்குங்கன்னு சொல்றா. அடுத்த வாரம்தான் கடைசின்னு அவன் சொல்றான். போனை வச்சுட்டு உள்ள வந்து, அப்பா, டீ போடட்டுமான்னு கேக்கறா. சிரிச்சுக்கிட்டே கேக்கறா.

விவிக்: யாரோ ஒருத்தரோட அப்பாவுக்கு ஊட்டி விடறதுக்காக...

தர்முஜி: அப்படிப் பேசாதேம்மா. அந்த வேலைதான் இருக்கு. நேத்துப் பெருநாள் தொழுகை முடிஞ்சு வந்து, என் முழங்கால்ல நெத்தியை வச்சு மன்னிப்புக் கேட்டா. வருஷா வருஷம் எல்லா வீட்டுலயும் பண்றதுதான். நேத்து மட்டும் ரொம்ப நேரம் தலையைத் தூக்கல. வேட்டி நனையற வரைக்கும் தூக்கல. அப்பத்தான் நான் முடிவு பண்ணினேன்.

விவிக்: இங்க வரணும்னு நீங்கதான் சொன்னீங்களா?

தர்முஜி: இல்ல, அவதான் கேட்டா. ஒட்டகச்சிவிங்கி பாக்கப் போலாமாப்பான்னு. எனக்கும் நல்லதாப் போச்சு.

விவிக்: சரி, இங்க தொலைஞ்சு போய் என்ன பண்றதா இருந்தீங்க?

தர்முஜி: நாலு மணிக்குக் கதவு சாத்துவீங்க. அதுவரைக்கும் யாரும் தேடி வரலன்னா, சமூகநலத் துறை வண்டி வந்து முதியோர் விடுதிக்குக் கூட்டிட்டுப் போகுமாமே. எங்க தெருவுல கார்சோன்னு ஒருத்தன், நாதியத்தவன், அவனை அப்படித்தான் ஏத்திட்டுப் போனாங்க. மூணு வேளை சோறு. தனிக் கட்டில். பிள்ளை குட்டி இருந்தா எடுத்துக்க மாட்டாங்களாம். அதனாலதான் தனி ஆளுன்னு சொன்னேன்.

விவிக்: ஐயா... அங்க போனதும் முதல்ல உங்க விரலைத்தான் மெஷின்ல வைப்பாங்க.

தர்முஜி: வச்சா?

விவிக்: அட்டை எடுத்தப்ப ரேகை குடுத்திருக்கீங்கல்ல? உங்க பேரு, முகவரி, பொண்ணு பேரு எல்லாம் திரையில வந்துடும். ஒரு மணி நேரத்துல உங்க வீட்டுக் கதவைத் தட்டுவாங்க.

தர்முஜி: அட்டை அரிசி டப்பாவுக்கு அடியில இருக்கே.

விவிக்: அட்டை எங்க இருந்தா என்ன, விரல் உங்ககிட்டதானே இருக்கு.

தர்முஜி: ...இதை யாரும் எனக்குச் சொல்லலியேம்மா.

விவிக்: அழாதீங்க. உங்க பொண்ணைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க. பாவம், தொழுதுட்டு வந்து பாத்தா அப்பாவைக் காணோம். எந்தக் கூண்டுப் பக்கம் அலையறாளோ. அந்தக் கோடியில ஒலிபெருக்கி வேற சரியாக் கேக்காது. அவ பேரைச் சொல்லுங்க, பேர் வச்சுக் கூப்பிடறேன்.

தர்முஜி: சொன்னா வந்துடுவா.

விவிக்: வரட்டுமே.

தர்முஜி: வந்தா தைவான் போக மாட்டா.

விவிக்: வரலன்னா போவாளா? அப்பாவைக் கூட்டத்துல தொலைச்சுட்டுப் போய் விமானம் ஏறுவாளா? ஏறினாலும், அந்தத் தைவான்காரருக்கு ஒவ்வொரு வாய் ஊட்டறப்பவும் அவளுக்கு யார் முகம் தெரியும்? யோசிச்சீங்களா?

தர்முஜி: ரெத்னோ. அவ பேரு ரெத்னோ. நான் தர்முஜி.

விவிக்: காதைப் பொத்திக்குங்க, கத்தும்... "திரு. தர்முஜியின் மகள் ரெத்னோ அவர்களுக்கு. உங்கள் தந்தை வடக்கு வாசல் தகவல் அறையில் நலமாக இருக்கிறார். உடனே வரவும்."

தர்முஜி: ஒண்ணு கேக்கட்டுமா? நான் ஓடி வந்தேன்னு அவகிட்ட சொல்லிடாதே. வழி தவறிட்டேன்னே இருக்கட்டும்.

விவிக்: சொல்ல மாட்டேன்.

தர்முஜி: மறதிக்காரன்தானே, நம்பிடுவா.

விவிக்: வெளிய செருப்புச் சத்தம் கேக்குது...

ரெத்னோ: அப்பா.

தர்முஜி: வந்துட்டியாம்மா. பாரு, ஒட்டகச்சிவிங்கி நகர்ந்துச்சு, நானும் கூடவே நகர்ந்து போய்ட்டேன். திரும்பிப் பாத்தா எல்லாப் பாதையும் ஒரே மாதிரி இருக்கு. கிழட்டு மூளை. பயப்படாதே, நான்தான் பத்திரமா இருக்கேன்ல. இந்த அக்கா டீ குடுத்தாங்க, தண்ணி குடுத்தாங்க. உக்காரு. நீ இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டே.

ரெத்னோ: சாப்பிட்டீங்களாப்பா?

தர்முஜி: உனக்காகத்தான் வச்சிருந்தேன்.

விவிக்: உக்காருங்கம்மா. மூச்சு விட்டுட்டுப் பேசுங்க. நான்கூட உங்களைக் கொஞ்சம் தப்பா நினைச்சுட்டேன், அப்பாகிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன். எந்தப் பக்கம் தேடிக்கிட்டிருந்தீங்க? பறவைக் கூண்டு பக்கமா?

ரெத்னோ: இல்லக்கா. இப்பத்தான் வாசல்ல... டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்தேன். வர்றப்ப என் பேரு கேட்டுச்சு.

விவிக்: வாசல்லயா? சரி சரி, வெளியவும் போய்த் தேடியிருக்கீங்க. இந்தப் பதிவேட்டுல ரெண்டு வரி எழுதிட்டா நீங்க கிளம்பலாம். எத்தனை மணிக்குப் பிரிஞ்சீங்க?

ரெத்னோ: பன்னிரண்டு அடிக்கக் கொஞ்சம் முன்ன.

விவிக்: காணோம்னு தெரிஞ்சது எப்ப?

தர்முஜி: தொழுதுட்டு வந்ததும்தான். லுஹர் தொழுகை முடிய என்ன, பன்னிரண்டேகால் ஆயிருக்கும். அப்படியே எழுதும்மா.

விவிக்: பன்னிரண்டேகால்... மகள் தொழுகைக்குச் சென்றிருந்தபோது...

ரெத்னோ: எழுதாதீங்கக்கா.

தர்முஜி: ஏம்மா, எழுதட்டுமே. அது ஒரு சடங்குதானே.

ரெத்னோ: நான் தொழப் போகலப்பா... உங்களை அங்க நிறுத்திட்டு பஸ் ஏறிட்டேன்.